சேணமும் நினைவும்: செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியில் பழைய குதிரைச் சவாரிப் பொருள்கள் குறித்த பழமையேக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பழைய குதிரைச் சவாரிக் கருவிகள் மீதும் உடைகள் மீதும் கொள்ளப்படும் பழமையேக்கம், பொதுவாக ஐரோப்பியத் தோற்சேணங்களையும் குடியேற்றக்காலப் படை உடைகளையும் முன்னிறுத்துகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியில் இதனினும் நீண்ட மரபு ஒன்று உண்டு. அது பொருள்களாக எஞ்சவில்லை. சொற்களிலும், கல்லிலும், கோயில் வாகனங்களிலும் எஞ்சியுள்ளது. இச்சான்றுகளைச் சங்க இலக்கியம் முதல் 20ஆம் நூற்றாண்டு வரை நிரல்படுத்திக் காணும் இக்கட்டுரை, சவாரி செய்தவனின் அழகு நினைவில் நின்றதையும், குதிரையின் வாயும் தொழிலாளியின் கையும் நினைவிலிருந்து நழுவியதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சேணம், கடிவாளம், அங்கவடி, குதிரை வாகனம், மாமல்லபுரம், புள்ளலூர், பழமையேக்கம்.

முன்னுரை

‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லை யோகன்னசு ஓஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688-இல் பாசெல் நகரில் அளித்த ஆய்வேட்டில் உருவாக்கினார். வீட்டைப் பிரிந்தோர்க்கு வரும் நோயைக் குறிக்கவே அவர் அதனைப் பயன்படுத்தினார். இடத்தைப் பற்றியதாக இருந்த அந்த ஏக்கம் பின்னர்க் காலத்தைப் பற்றியதாக மாறியது. இக்கட்டுரையில் அது ‘பழமையேக்கம்’ எனப்படுகிறது.

பழமையேக்கம் பொருள்களைப் பற்றிக்கொண்டு வளர்வது. பழைய சேணம், பித்தளை பூண்ட கடிவாளம், சவாரிக்குரிய கால்சட்டை ஆகியவை ஏலங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் மதிப்புப் பெறுகின்றன. ஆனால் தமிழகக் கடற்கரையில் தோலும் துணியும் மரமும் நெடுங்காலம் நிலைப்பதில்லை. உப்புக் காற்றும் ஈரமும் கரையானும் அவற்றை அழித்துவிடும். பொருள் எஞ்சாத நிலப்பகுதியில் அப்பொருள் பற்றிய நினைவு எவ்வாறு நிற்கிறது? எதை வைத்துக்கொண்டு எதைக் கைவிடுகிறது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை.

ஆய்வெல்லை பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஆகும். காஞ்சிபுரமும் திருவள்ளூரும் உள்ளடங்கிய அம்மாவட்டம் 1997-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் காஞ்சிபுரம், புள்ளலூர் ஆகிய ஊர்களும் இவ்வாய்வில் இடம்பெறுகின்றன.

கடல்வழி வந்த குதிரை

தொண்டைநாட்டுக் கடற்கரைக்குக் குதிரை வந்தேறிய விலங்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் வெண்ணிறப் பிடரிமயிர் கொண்ட குதிரைகள் வடநாட்டுப் பொருள்களோடு கலங்களில் வந்திறங்கியதைக் கூறுகிறது. இத்துறை இன்றைய மாமல்லபுரமே என்பாரும், பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த பகுதி என்பாரும் உளர். பாலாற்றின் கழிமுகத்தருகே வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோமானியச் சாடித் துண்டுகள் கிடைத்தமை, இக்கடற்கரை முழுவதுமே வெளிநாட்டு வணிகத்திற்குத் திறந்திருந்ததை உறுதிப்படுத்துகிறது.

மாமல்லபுரச் சிற்பங்களில் இதற்கு மாறான ஒரு குறிப்புக் கிடைக்கிறது. ஐந்து இரதங்களை அடுத்துத் தனிக்கல்லில் நிற்கும் விலங்குகள் சிங்கம், யானை, எருது ஆகிய மூன்றே. இரதம் எனப் பிற்காலத்தார் பெயரிட்ட அக்கோயில்களின் முன் குதிரை இல்லை. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போதும் கலங்கள் சுமந்த செல்வமாக யானைகளையும் மணிகளையுமே சொல்கிறார். ஆனால் காஞ்சியில், இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டபோது, போர்க்காட்சிகளில் குதிரைகள் திரளாக இடம்பெற்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது, குதிரை இங்கு முதன்மையாக அரசனின் படைக்குரிய விலங்காகவே கருதப்பட்டது எனக் கொள்ளலாம். அதன்மீது பூட்டப்பட்ட கருவிகளும் அதிகாரத்தின் அடையாளங்களாகவே காணப்பட்டிருக்கும்.

மாமல்லைத் துறையின் சிறப்புக் குறைந்தபின் குதிரை வணிகத்தின் மையம் தெற்கே பாண்டியர் கடற்கரைக்கு நகர்ந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் மாபார் எனப்பட்ட அக்கடற்கரைக்கும் பிற துறைகளுக்கும் வந்ததாகவும் ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோவின் கூற்றும் இதையொட்டியே அமைகிறது. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை மன்னர் ஒருவர் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், குதிரை மருத்துவமும் இலாடமும் அறிந்தோர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். குதிரை விற்பனைக்கு வந்தது. அதனைப் பேணும் அறிவு அதனுடன் வரவில்லை. இக்குறிப்பு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

சொற்களில் எஞ்சிய சேணம்

பொருள் அழிந்த இடத்தில் சொல் சான்றாகிறது. குதிரைக் கருவிகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை நான்கு அடுக்குகளாகப் பகுக்கலாம்.

முதலாவது சங்க இலக்கிய அடுக்கு. வாயிலிடும் இரும்பு ‘கறுழ்’. இழுத்துப் பிடிக்கும் வார் ‘வள்பு’. கழுத்து மணிமாலை ‘தார்’. இச்சொற்களுள் பல தேரில் பூட்டிய குதிரையைச் சார்ந்தே வருகின்றன. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலரான யவனர், ‘மெய்ப்பை’ என்னும் சட்டை அணிந்து ‘மத்திகை’ என்னும் சவுக்கை உடையோடு வளைத்துக் கட்டியவராகத் தோன்றுகின்றனர். மத்திகையைக் கிரேக்க மொழியின் ‘மாஸ்டிக்ஸ்’ என்ற சொல்லோடு இணைப்போர் உளர். குதிரையைச் செலுத்தும் கருவியும் அயலவர் உடையும் ஒரே மாந்தரிடம் ஒருங்கே காட்டப்படுவது கருதத்தக்கது.

இரண்டாவது வடமொழி, பாகத அடுக்கு. சேணத்தைக் குறிக்கும் ‘பல்லணம்’ இவ்வகையது. மூன்றாவது பாரசீக, உருது அடுக்கு. ‘ஜீனி’, ‘லகான்’, ‘சவுக்கு’, ‘சவாரி’ என்பன இதனுள் அடங்கும். நவாபு ஆட்சிக்காலப் படையும் அலுவலகமும் இவற்றைப் பரப்பின. நான்காவது ஆங்கில அடுக்கு. ‘ஸ்டிரப்’, ‘பிரீச்சஸ்’ போன்றவை பந்தயத் திடலுக்கும் காவல்துறைக் குதிரைப் பிரிவுக்கும் அப்பால் பெரிதும் செல்லவில்லை. ஆட்சி மாறியபோதெல்லாம் குதிரையின் முதுகில் இருந்த பொருளின் பெயரும் மாறியது எனலாம்.

இவற்றிடையே ‘சேணம்’, ‘கடிவாளம்’, ‘இலாடம்’ ஆகியவை பொதுவழக்கில் நிலைபெற்றன. விலையேற்றத்துக்கும் அதிகாரத்துக்கும் ‘கடிவாளம் போடுதல்’ என்னும் வழக்கு நாளிதழ்களில் அன்றாடம் காணப்படுவது. நேரே மட்டும் நோக்கிச் செல்பவரைக் ‘கடிவாளம் கட்டிய குதிரை’ என்றும் ‘சேணம் கட்டிய குதிரை’ என்றும் கூறுவது இன்றைய வழக்கு. ஆனால் குதிரையின் பக்கப்பார்வையை மறைப்பது கடிவாளமும் அன்று, சேணமும் அன்று. கண்ணருகே கட்டும் கண்பட்டையே. குதிரை வண்டியை நாளும் கண்ட தலைமுறைக்கு இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருக்கும். சொல் எஞ்சியிருக்க, பொருளறிவு கழன்றுவிட்ட நிலையை இவ்வழக்குக் காட்டுகிறது.

கல்லிலும் மரத்திலும்

விசயநகரக் காலத்தில் குதிரை கோயில் மண்டபத் தூண்களில் ஏறியது. கிருட்டிணதேவராயர் தம் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியத்தில், குதிரையும் யானையும் கொண்டுவரும் அயல்நாட்டு வணிகரை ஆதரித்துத் துறைமுகங்களைப் பேணுமாறு அரசர்க்கு அறிவுரை கூறுகிறார். அக்காலத்துக் கலையில் இதன் எதிரொலி உண்டு. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் தூண்களில் பாயும் குதிரைகள் மீதும் யாளிகள் மீதும் வீரர்கள் அமர்ந்துள்ளனர். விசயநகர, நாயக்கர் காலக் குதிரைவீரர் சிற்பங்களில் தலைவார், கழுத்துமணி, முதுகுவிரிப்பு, வயிற்றுவார், காலூன்றும் அங்கவடி ஆகியவை நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. தோலில் அழிந்துபோனவற்றின் வடிவத்தை மீட்டறிய இவையே நமக்குக் கிடைக்கும் நம்பகமான சான்று.

கல்லினும் உயிர்ப்பான சான்று மரத்தால் ஆன குதிரை வாகனம். வைணவக் கோயில்களின் பெருவிழாவில் எட்டாம் நாளில் பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளுதல் பெரும்பான்மை வழக்கு. முன்கால் தூக்கிய மரக்குதிரையின் உடலிலேயே சேணமும் வாரும் மணியும் செதுக்கப்பட்டிருக்கும். உற்சவரின் கையில் கடிவாளக் கயிறும் சாட்டையும் தரப்படும். இவ்விழாவோடு இணைந்த ‘வேடுபரி’ நிகழ்ச்சி, வழிப்பறி செய்த திருமங்கை மன்னன் ஆட்கொள்ளப்பட்ட கதையை நடித்துக் காட்டுவது. ஆடல்மா என்னும் குதிரையின் மீது வந்தவராகப் போற்றப்படும் அவ்வாழ்வாரே கடல்மல்லைத் தலசயனத்தையும் பாடியவர் என்பதால், இவ்விழா மாமல்லபுரக் கடற்கரையின் நினைவோடும் தொடர்புடையது.

ஊர்ப்புறங்களில் ஐயனார்க்கு நேர்ந்து வைக்கும் சுடுமண் குதிரையும் இவ்வரிசையில் வரும். குயவர் குதிரையுடலைச் செய்தபின் தலைவாரையும் சலங்கையையும் சேணத்தையும் தனித்தனியே களிமண்ணால் உருட்டி ஒட்டுவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இத்தகைய மரபுகளைக் காட்சிப்படுத்தி வருகிறது. வாகனமும் சுடுமண் குதிரையும் வழிபாட்டில் இருப்பதால் பழுதுபட்டால் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழைய வடிவத்தைத் தொடர்ந்து புதுப்பிக்கும் இம்முறை, பழம்பொருளைப் பேழையில் வைத்துப் பாதுகாக்கும் முறையினின்றும் வேறானது.

புள்ளலூரும் குதிரைப்படையும்

இப்பகுதி குதிரைப்படையை அச்சத்தோடும் அறிந்திருந்தது. காசாக்குடிச் செப்பேடு முதலாம் மகேந்திரவர்மன் வென்ற இடமாகக் கூறும் புள்ளலூர், 1780 செப்டம்பர் 10-இல் மீண்டும் போர்க்களமாயிற்று. அவ்வாண்டு சூலையில் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கிய ஐதர் அலியின் படை, வில்லியம் பெய்லி தலைமையிலான கும்பினிப் படையை அங்கு முறியடித்தது. காஞ்சிபுரத்தில் இருந்த எக்டர் மன்றோ உரிய நேரத்தில் துணைசெய்ய இயலாமல் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். விரைந்து நகர்ந்து ஊர்களைச் சூறையாடி உணவு வழிகளை அடைத்த மைசூர்க் குதிரைப்படைக்கு ஈடான படை கும்பினியிடம் இல்லை.

இப்போரின் ஓவியம் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் உள்ளது. 1784-இல் திப்பு சுல்தான் எழுப்பிய அம்மாளிகையில், பல்லக்கில் அமர்ந்த பெய்லியைச் சூழ்ந்து மைசூர்க் குதிரைவீரர் அணியணியாக நெருங்குகின்றனர். வென்றவர் தம் குதிரைகளின் வண்ணச் சேணங்களை வரைந்து மகிழ்ந்தனர். அக்குதிரைகளின் குளம்படியில் பட்ட ஊர்களின் நிலை அவ்வோவியத்தில் இல்லை.

சேணமில்லாச் சிலை

1780-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது கும்பினிப் படையில் இளநிலை வீரராக இருந்த தாமசு மன்றோ, 1820 முதல் 1827-இல் இறக்கும்வரை சென்னை ஆளுநராக இருந்தார். பிரான்சிசு சாண்ட்ரி வார்த்த அவருடைய வெண்கலக் குதிரைச்சிலை 1839-இல் சென்னைத் தீவுத்திடலில் நிறுவப்பட்டது. அதில் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்னும் கதை மக்களிடையே பரவியுள்ளது. ஆனால் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் சார்ச்சு மன்னரின் சிலையும், அந்நகரின் அரச வணிகமனையின் முன்னுள்ள வெல்லிங்டன் சிலையும் சாண்ட்ரியின் வடிவமைப்பே. அவற்றிலும் சேணமும் அங்கவடியும் இல்லை. எனவே இது மறதியால் நேர்ந்ததன்று. அங்கவடியை அறியாத கிரேக்க, ரோமானியச் சிற்ப மரபை நினைந்து ஏங்கிய ஒரு கலைக்கொள்கையின் விளைவாகவே இதனைக் கொள்ளல் பொருந்தும்.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. குடியேற்ற ஆட்சியின் பெருமைமிகு சிலை, தன் காலத்துச் சவாரிக் கருவியை அழகுக்காகத் துறந்தது. அதே காலத்தில் காஞ்சியின் மண்டபத் தூண்களும் கோயில்களின் குதிரை வாகனங்களும் ஒரு வாரையும் விடாது காட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் பழமையை நோக்கியவையே. முன்னது ஒரு கற்பனைத் தொன்மைக்காகக் கருவியை நீக்கியது. பின்னது வழிபாட்டுத் தொடர்ச்சிக்காக அதனைத் தக்கவைத்தது. ஆகவே பழமையேக்கம் என்பதனை ஒரே தன்மையுடைய உணர்வாகக் கருதுதல் பொருந்தாது. அது எதை நீக்குகிறது என்பதைக் கொண்டே அதன் இயல்பை வரையறுக்க வேண்டும்.

நினைவில் நில்லாதவை

இவ்வளவுகோலைத் தமிழ் மரபுக்கும் பொருத்திப் பார்த்தல் நேர்மையாகும். புறநானூற்று நான்காம் பாடலில் பரணர், சோழன் உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியின் குதிரைகளைப் புகழ்கிறார். இடமும் வலமும் திருப்ப இழுத்த கறுழ் பொருதியதால் அவற்றின் வாய் சிவந்து, இரையின் கழுத்தைக் கவ்விய புலியின் வாய்போல் தோன்றியதாம். அரசனின் மறத்தைப் பாடவந்த புலவர், கடிவாளம் குதிரைக்கு இழைத்த புண்ணையும் பதிவு செய்துள்ளார். பிற்காலச் சிற்பியின் குதிரையோ வாரின் பின்னலையும் மணியின் வடிவத்தையும் தெளிவாகக் காட்டுகிறது. வாயின் புண்ணைக் காட்டுவதில்லை. வாகனத்துக்கும் வாய்ப்புண் இல்லை. கருவியின் அழகு வளர வளர, கருவியின் செயல் மறைந்துள்ளது.

கருவியைச் செய்த கையும் இவ்வாறே மறைந்தது. பரங்கிமலை, சென்னைப் பீரங்கிப்படையின் தலைமையிடமாக விளங்கியது; அண்டையில் பல்லாவரம் படையிருப்பாயிற்று. குதிரையை நம்பிய படைக்குத் தோல் தைப்போர், இலாடம் அடிப்போர், குதிரைக்காரர், புல் அறுப்போர் எனப் பலர் தேவைப்பட்டனர். சென்னை மாகாணத்தில் புல் அறுக்கும் பணியைப் பெண்களும் செய்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றது. ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறைத் தோல் பதனீட்டை ஆய்ந்து, கிணற்றுக் கவலைக்கு அத்தோலைப் பரிந்துரைத்தார். பின்னர் எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரே இன்றைய குரோம்பேட்டைக்கு அமைந்தது. ஓர் ஊரின் பெயரில் தோல்தொழில் நிலைத்தும், அதில் உழைத்தோர்மீது சாதி சுமத்திய இழிவினால் அவர்தம் கைத்திறன் கலையாகப் போற்றப்படவில்லை. பழைய சேணத்தை அரும்பொருளாக மதிக்கும் சமூகம், அதனைத் தைத்தவரைத் தீண்டத்தகாதவராக நடத்திய வரலாற்றையும் உடன் எழுத வேண்டும்.

மார்க்கோ போலோ கூறிய குறையை இங்கு மீண்டும் நினையலாம். அன்று குதிரை வந்தது. பேணும் அறிவு தடுக்கப்பட்டது. இன்று சேணத்தின் மீது விருப்பம் இருக்கிறது. செய்யும் அறிவு கேட்பாரற்றுப் போகிறது. தொடர்வண்டி நிலைய வாயில்களில் காத்திருந்த ஜட்கா வண்டிகள், தானியங்கி வண்டிகளின் வரவால் மறைந்தன. வண்டி ஓட்டியோரிடம் வார் கட்டும் முடிச்சுகளுக்கும் சேணத்தின் உறுப்புகளுக்கும் வழங்கிய பெயர்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. மாமல்லபுரக் கடற்கரையில் கட்டணத்திற்குச் சவாரி தரும் குதிரைகள் இன்றும் உண்டு. அவற்றின் சேணம் எந்தச் சேகரிப்பாளரும் தேடும் பொருளன்று. எனினும் இக்கடற்கரையில் குதிரையின் முதுகில் இன்றும் உண்மையாகப் பயன்படும் சேணம் அதுவே.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் மூன்று. ஒன்று, தொண்டைநாட்டுக் கடற்கரையில் குதிரையும் அதன் கருவிகளும் வெளியிலிருந்து வந்தவை. ஆட்சி மாற்றங்களைச் சேணத்தின் சொற்களே அடுக்கடுக்காகக் காட்டுகின்றன. இரண்டு, பொருள் அழிந்த நிலையில் கோயில் தூணும் குதிரை வாகனமும் சுடுமண் குதிரையும் சவாரிக் கருவிகளின் வடிவத்தைக் காத்துள்ளன. மன்றோ சிலையோடு ஒப்பிடும்போது இதன் சிறப்பு நன்கு விளங்கும். மூன்று, இம்மரபுகள் அனைத்திலும் சவாரி செய்தவனின் தோற்றமே நின்றுள்ளது. குதிரையின் துன்பமும் தொழிலாளியின் திறனும் விடுபட்டுள்ளன. அவ்விடுபாட்டை முதலில் நிரப்பிய சான்று பரணர் பாடலே.

ஆகவே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் மேற்கொள்ள வேண்டிய பணிகள் உள. கோயில் குதிரை வாகனங்களின் சேண அமைப்புகளைப் படத்தோடு பதிவு செய்தல், தோல் தைப்போரிடமும் இலாடம் அடிப்போரிடமும் முன்னாள் வண்டியோட்டிகளிடமும் எஞ்சியுள்ள தொழிற்சொற்களைத் திரட்டுதல், மண்டபத் தூண்களில் உள்ள கருவிகளைக் காலவரிசையில் ஒப்பிடுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தூண்கள் காத்திருக்கும். வாகனங்களும் ஆண்டுதோறும் வீதிக்கு வரும். தொழிற்சொற்களை அறிந்த முதியோரிடம் செல்லும் பணி மட்டும் காலந்தாழ்த்தற்கு உரியதன்று.